ஓ சாங்-உக் 192 செ.மீ., என் மகள் 146 செ.மீ. சேபரில் தொடரலாமா?

பாலக்கோட்டு அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்கோடு, தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விளையாட்டைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, பள்ளியில் கபடி ஆடியதோடு சரி. என் மகள் ஏழாம் வகுப்பு, வயது 12. ஒன்றரை வருடமாக வாள்வீச்சு பழகுகிறாள், அதிலும் சேபர் என்கிற பிரிவுதான் வேண்டும் என்று அவளே பிடிவாதமாக எடுத்துக்கொண்டாள். வாரம் மூன்று நாள் சாயங்காலம் பஸ்ஸில் தருமபுரிக்குக் கூட்டிப் போய், இரண்டு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்து, இருட்டினதும் கூட்டி வருகிறேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மாஸ்க்கைக் கழற்றும்போது வேர்த்து வழியும் அந்த முகத்தில் இருக்கிற சந்தோஷத்தை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

போன மாதம் வெளியூரில் ஒரு போட்டி. முதல் சுற்றைத் தாண்டிவிட்டாள், அடுத்ததில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றாள். எதிரில் நின்ற பிள்ளை இவளைவிட ஒரு தலை உயரம். தோற்றதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே இருந்த ஒரு பெரியவர், விவரம் தெரிந்தவர்தான், அவள் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: "பிள்ளைக்கு வேகம் இருக்கு, உயரம் இல்லீங்க. சேபர் சாம்பியன், கொரியாக்காரர் ஓ சாங்-உக்கைப் பாருங்க, 192 சென்டிமீட்டர். அந்த மாதிரி உடம்புக்கு உள்ள ஆட்டம் இது. வேற எதுலயாவது மாத்தி விட்டுருங்க."

வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள். அந்த ஓ சாங்-உக் படத்தைத்தான் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை என் போனில் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கே கிடையாது.

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம். காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன்னால், கதவு நிலையில் முதுகைச் சாய்த்து நின்று தலைமேல் ஸ்கேல் வைத்து பென்சிலால் கோடு போடச் சொல்கிறாள். தினமும் போட்ட கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அந்த இடம் கறுப்புப் பட்டை மாதிரி ஆகிவிட்டது. நேற்றும் 146, இன்றும் 146. எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்த வீரர் ஜெயித்தது உயரத்தால்தானா? அவர் எப்படி மேலே வந்தார்? என் மகளிடம் பொய் சொல்லித் தேற்ற எனக்கு விருப்பமில்லை. உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள்.


ஓசூர் சேபர் எழுதியது:

அண்ணா, நான் கல்லூரி முடியும்வரை சேபர் ஆடினவன், மாநிலப் போட்டிவரை போயிருக்கிறேன். இப்போது ஓசூரில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நைட் ஷிப்ட் முடித்து வந்து உங்கள் பதிவைப் படித்தேன், இதை எழுதாமல் தூக்கம் வராது.

அந்தப் பெரியவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 192 சென்டிமீட்டர் என்பது சரி. ஆனால் ஓ சாங்-உக் வாளைக் கையில் எடுத்த வயதில் அவர் குள்ளமான பையன். 1996இல் தேஜோன் நகரத்தில் பிறந்தவர், அண்ணன் வாள்வீச்சு ஆடுவதைப் பார்த்து நடுநிலைப் பள்ளியில் தானும் ஆரம்பித்தார், கிட்டத்தட்ட உங்கள் மகளின் வயதுதான். கூட ஆடின பையன்களைவிட உயரம் குறைவு. கை எட்டாது. கை எட்டாதவனுக்குக் கால் ஒன்றுதான் துணை, அதனால் அடிப்படைக் காலடிகளையும் வேகத்தையும் வைத்தே அவர் அந்த வயதில் பிழைத்திருக்கிறார். உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் மளமளவென்று வளர்ந்தார். குள்ளப் பையனாகப் பழகின கால், பிறகு வந்த உயரமான உடம்பு, இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற ஓ சாங்-உக். முதலிலேயே உயரமாக இருந்திருந்தால் கையை நீட்டியே புள்ளி எடுத்துப் பழகியிருப்பார், அந்தக் கால் அவருக்கு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சேபரில் கால் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நீங்கள் வெளியே உட்கார்ந்து பார்க்கிறவர் என்பதால் புரியும். ஆடுகளம் 14 மீட்டர் நீளம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலம். இரண்டு பேரும் நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 2 மீட்டர் தள்ளி நிற்பார்கள், அதாவது நடுவில் 4 மீட்டர். நடுவர் 'அலே' என்றதும் இரண்டு பேரும் பாய்வார்கள், பல சமயம் ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் புள்ளி முடிந்துவிடும். இடுப்புக்கு மேலே தலை, கை, உடம்பு எங்கே பட்டாலும் புள்ளி, வாளின் நுனியால் குத்தலாம், விளிம்பால் வெட்டலாம். இரண்டு பேரும் தொட்டு, இருவருக்கும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தால், தாக்குதலை யார் முதலில் தொடங்கினார் என்று பார்த்து அவருக்குத்தான் புள்ளி. இதை எடுத்துக் கொடுப்பது கை இல்லை, கால். அதோடு முன்னால் போகும்போது பின்காலை முன்காலுக்கு முன்னே கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் அட்டை. அதனால் ஓடிப் போய் அடிக்க முடியாது. சின்னச் சின்ன அடியாக வைத்து, எதிராளியை ஏமாற்றி, தூரத்தைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் ஒரே ஒரு நீளமான பாய்ச்சல். கொரிய ஆட்டம் முழுக்க இதுதான். ஐரோப்பியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மணிக்கட்டு வித்தையை மெருகேற்றி வைத்திருந்தார்கள், கொரியாக்காரர்கள் காலால் வந்து அவர்களை எட்டிப் பிடித்தார்கள்.

இப்போது அவருடைய பதக்கங்களைவிட அவர் தோற்ற ஆட்டங்களைச் சொல்கிறேன். ஒரு புள்ளியில் தோற்ற பிள்ளை என்று சொன்னீர்கள் அல்லவா, அவளுக்கு இதுதான் தேவை.

பள்ளி மாணவனாக இருக்கும்போதே கொரிய தேசிய அணிக்குள் வந்தவர் அவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, தனிநபர் இறுதி ஆட்டம், எதிரில் அதே அணியின் மூத்த வீரர் கு பொன்-கில். 15 எடுத்தால் ஜெயம், 14-14 வரை போனது. கடைசிப் புள்ளி கு பொன்-கில்லுக்கு. ஓ சாங்-உக்குக்கு வெள்ளி, 14-15. உங்கள் மகள் தோற்ற அதே ஒரு புள்ளி.

அடுத்த வருடம், 2019இல், புடாபெஸ்டில் உலகப் போட்டி. ஹங்கேரிக்காரர் ஆந்த்ராஷ் சாத்மாரியை அவர்கள் ஊரிலேயே இறுதியில் வென்று உலக சாம்பியன், அணிப் பிரிவிலும் தங்கம். உலகத் தரவரிசையில் முதல் இடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் இவருக்குத்தான் என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். போட்டி ஒரு வருடம் தள்ளிப் போனது, 2021 மார்ச்சில் புடாபெஸ்ட் உலகக் கோப்பையை வென்று ஊர் திரும்பியவருக்குக் கொரோனா. அதிலிருந்து மீண்டு டோக்கியோ போனார், காலிறுதியில் ஜார்ஜியாவின் சாண்ட்ரோ பசாட்ஸேயிடம் 13-15. முடிந்தது. நான்கே நாளில் அணிப் போட்டி, அதில் இத்தாலியை 45-26 என்று வென்று தங்கம் வாங்கினார்கள், அது வேறு கதை. தனிநபர் தங்கத்துக்கு இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2022 நவம்பரில் பயிற்சியில் வலது கணுக்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. நினைத்துப் பாருங்கள் அண்ணா, காலால் ஆடுகிற ஆளுக்குக் கால் போகிறது. பத்து மாதம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் மறுபடியும் எதிரில் கு பொன்-கில். இந்த முறை 15-7.

பாரிஸை உங்கள் மகளே உங்களுக்குச் சொல்லுவாள். என் கண்ணுக்குள் நிற்பது ஒன்றுதான். இறுதியில் துனிசியாவின் ஃபாரெஸ் ஃபெர்ஜானிக்கு எதிராக 14-8 என்று முன்னால் இருந்தார், ஒரே புள்ளி போதும். அங்கிருந்து தொடர்ந்து மூன்று புள்ளி போனது. 14-11. நம் ஊரில் இரவு ஒரு மணி தாண்டியிருக்கும், எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர் அவசரப்படவில்லை. கோட்டுக்கு வந்தார், நின்றார், அடுத்ததை எடுத்தார். 15-11. சேபர் தனிநபரில் ஆசிய ஆண் ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வென்றது அதுதான் முதல் தடவை.

தூக்கம் வருகிறது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்.


தகடூரான் எழுதியது:

ஓசூர் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த அப்பா உண்மை வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அதனால் ஒன்றை மறைக்கக் கூடாது. உயரம் உதவும். இரண்டு பேருக்கும் ஒரே வேகமான கால் இருந்தால், கை நீளமானவருக்குத்தான் முதலில் எட்டும். ஓ சாங்-உக்கின் பாய்ச்சல் போய் விழுகிற தூரத்தைப் பாருங்கள், எதிராளி பின்னால் போய்விட்டேன் என்று நினைக்கிற இடத்திலும் அவர் வாள் வந்து தொடும். அது கால் மட்டுமே கொடுத்தது என்று சொன்னால் பிள்ளைக்கு நாம் செய்கிற நியாயம் ஆகாது.

வாள்வீச்சின் மூன்று பிரிவுகளில் உயரம் அதிகம் பேசுவது எப்பியில். அங்கே யார் முதலில் தொட்டாலும் புள்ளி, உடம்பு முழுக்க இலக்கு, யார் முதலில் தாக்கினார் என்று பார்க்கிற தாக்குதல் உரிமை என்ற பேச்சே இல்லை. சேபரில் அந்த உரிமை இருப்பதால் குள்ளமானவர்களுக்கு இடம் கொஞ்சம் கூடுதல். அந்த வகையில் பிள்ளை சரியான வாளைத்தான் எடுத்திருக்கிறாள்.

படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.


மலர், கிருஷ்ணகிரி எழுதியது:

அண்ணா, நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. முதலில் ஒரு வேண்டுகோள், அந்தக் கதவு நிலைக் கோட்டை நாளையிலிருந்து நிறுத்துங்கள். 12 வயதுப் பெண் பிள்ளை தினமும் அளந்து பார்த்தால் மனசுதான் தேயும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். வளர்கிற வயது, களியும் முட்டையும் கீரையும் தாராளமாகக் கொடுங்கள், ஒன்பது மணிக்குத் தூங்க விடுங்கள், வளர்வது அது பாட்டுக்கு வளரும்.

அடுத்தது, எல்லோரும் ஓ சாங்-உக்கையே பேசுகிறீர்கள், பெண் பிள்ளைக்குக் காட்ட வேண்டியவர் அதே கொரியாவில் அவருக்கு முன்னாலேயே இருக்கிறார். கிம் ஜி-யோன். 2012 லண்டன். சேபரில் கொரியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் ஒரு பெண் வாங்கியது. அவர் முதலில் ஃபாயில் என்கிற வேறு வாள் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவர், பிறகுதான் சேபருக்கு மாறினார். லண்டன் அரையிறுதியில் எதிரில் அமெரிக்காவின் மரியல் ஜகுனிஸ். 2004, 2008 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர், லண்டன் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், கிம்மைவிட நல்ல உயரம். 5-12 என்று கிம் பின்தங்கிவிட்டார். 15 எடுத்தால் ஜெயம் என்கிற ஆட்டத்தில் 5-12 என்றால் பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்து 15-13. இறுதியில் ரஷ்யாவின் சோஃபியா வெலிகயாவை 15-9. அந்த அரையிறுதியைத் தேடி எடுத்து உங்கள் மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். புள்ளி எடுக்கிற இடத்தை மட்டும் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் கிம் கோட்டுக்கு எப்படித் திரும்பி நடக்கிறார் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பவானி தேவியை யாருமே சொல்லவில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். சென்னைப் பெண், அப்பா கோயில் அர்ச்சகர். பள்ளியில் விளையாட்டில் சேரப் போனபோது மற்ற ஆட்டங்களில் எல்லாம் இடம் நிரம்பி, மிச்சம் இருந்தது வாள்வீச்சு மட்டும். மின்சார வாளுக்கு வசதி இல்லாமல் மூங்கில் குச்சியை வைத்துப் பழகினவர். முதல் வெளிநாட்டுப் போட்டிக்கு மூன்று நிமிடம் தாமதமாகப் போனதற்குக் கறுப்பு அட்டை வாங்கி வெளியே வந்தவர். அப்போது அவருக்கு 14 வயது, உங்கள் மகளைவிட இரண்டு வயதுதான் பெரியவர். அப்புறம் தலச்சேரி, அப்புறம் இத்தாலி என்று போய்ப் பயிற்சி எடுத்து, டோக்கியோவில் ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியர் ஆனார். 2023 ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப் போட்டியில், அப்போது உலக சாம்பியனாக இருந்த ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று வென்றார். அரையிறுதியில் 14-15 என்று தோற்று வெண்கலம். பாருங்கள், இங்கேயும் அதே ஒரு புள்ளி.

ஒரு புள்ளியில் தோற்றாள் என்றால், அவ்வளவு உயரமான பிள்ளையிடம் மற்ற எல்லாப் புள்ளிகளையும் இவள் எப்படி எடுத்தாள் என்று யாராவது அவளிடம் கேட்டீர்களா? நான் என்றால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.


பாலக்கோட்டு அப்பா எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர் கேட்ட கேள்வியை இன்று அப்படியே அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தக்கா கையை நீட்டுறதுக்கு முன்னாடி தோளைத் தூக்குவாங்கப்பா, அதைப் பார்த்ததும் நான் பின்னாடி போயிட்டு, அவங்க வாள் கீழே இறங்கினதும் உள்ளே போயிடுவேன்" என்றாள். போட்டி முடிந்து இத்தனை நாளில் அந்த ஆட்டத்தைப் பற்றி அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

ஓசூர் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த ஜகார்த்தா ஆட்டம், ஒரே அணிக்காரர்கள் மோதியது என்று சொன்னீர்கள். சொந்த அணி அண்ணனிடம் ஒரு புள்ளியில் தோற்றபின் இரண்டு பேரும் எப்படி ஒன்றாக ஆடினார்கள்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் மகள் தோற்றதும் இங்கேயே கூடப் பழகுகிற ஒரு மூத்த பெண்ணிடம்தான், உயரமான பிள்ளை என்றேனே அவள்தான். அதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, பஸ்ஸில் எதிர் எதிர் ஜன்னலில் உட்கார்ந்து வருகிறார்கள்.


ஓசூர் சேபர் எழுதியது:

அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இதற்குப் பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

கொரியாவில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு. ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டுத் தங்கமோ வாங்கினால் அதிலிருந்து விலக்கு. ஜகார்த்தா இறுதியில் நின்றபோது கு பொன்-கில்லுக்கு அந்த விலக்கு முன்பே கிடைத்திருந்தது, 2012 லண்டனில் அணித் தங்கம் வென்றவர் அவர். தம்பி ஓ சாங்-உக்குக்குத்தான் தங்கம் தேவை. அண்ணன் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். விட்டுக்கொடுக்கவில்லை, கடைசிப் புள்ளி வரை முழு மூச்சாக ஆடி ஜெயித்தார், ஜெயித்துவிட்டு அழுதார். அப்புறம் அணிப் போட்டியில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று தங்கம் எடுத்தார்கள், தம்பிக்கு விலக்கு அதில் கிடைத்தது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எதிரில் நிற்கிற ஆளுக்கு உண்மையாக ஆடிக் காட்டுவதைவிடப் பெரிய மரியாதை களத்தில் எதுவும் கிடையாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான், என்னை வாரா வாரம் தோற்கடித்தவர்தான்.

அதே கு பொன்-கில் டோக்கியோவிலும் இருந்தார், பாரிஸிலும் இருந்தார். பாரிஸ் அணி இறுதி ஹங்கேரியோடு. 30-29 என்று நூலிழையில் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கு பொன்-கில் வெளியே வந்து, மாற்று வீரர் டோ கியோங்-டோங்கை உள்ளே அனுப்பினார்கள். அதுவரை அந்த ஒலிம்பிக்கில் களமிறங்காத பையன். போனார், 5-0 என்று எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார், 35-29. கடைசி ஆட்டம் ஓ சாங்-உக், எதிரில் ஆரோன் சிலாகி, 2012, 2016, டோக்கியோ என மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்றவர். 45-41 என்று முடித்தார். லண்டன், டோக்கியோ, பாரிஸ் என்று கொரியாவுக்கு மூன்றாவது தொடர் அணித் தங்கம், ரியோவில் அந்தப் போட்டியே நடக்கவில்லை. மூன்றிலும் கு பொன்-கில் இருக்கிறார்.

இன்னொன்று. பாரிஸ் போட்டி நடந்த இடம் கிராண்ட் பாலே. 2010 உலகப் போட்டியும் அதே கட்டடத்தில்தான் நடந்தது, அதில் சேபர் தனிநபர் தங்கம் வென்றவர் கொரியாவின் வோன் வூ-யங். 2024இல் ஓ சாங்-உக்கின் பயிற்சியாளர் அவர்தான். தான் ஜெயித்த கூரைக்குக் கீழே தான் பழக்கிய பிள்ளை ஜெயிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். தனியாக ஒருவர் உயரமாக வளர்ந்து ஜெயித்த கதை என்று அந்தப் பெரியவர் நினைக்கிறார். அண்ணன் வாளை அறிமுகப்படுத்தினார், மூத்தவர் ஒரு புள்ளியில் தோற்கடித்தார், அவருக்கும் முந்தின தலைமுறை வந்து பயிற்சி கொடுத்தது, இத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்.

அந்த உயரமான பெண்தான் உங்கள் மகளுக்குக் கிடைத்த கு பொன்-கில், அண்ணா. வாரம் மூன்று நாள் ஓர் உயரமான ஆளோடு பழகக் கிடைப்பது எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாத பாக்கியம். அவர்களைப் பேச வையுங்கள்.

ஃபெர்ஜானி இறுதி ஆட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது, உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். எதிராளி கீழே விழுந்துவிட்டார், ஓ சாங்-உக் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அதை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள்.


பர்கூர் பஸ் ஸ்டாண்ட் எழுதியது:

நான் வாள் பிடித்தவன் இல்லை, சிலம்பம். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓ சாங்-உக் டோக்கியோ போனபோது சியோங்னாம் நகர நிர்வாகத்தின் அணி, பாரிஸ் போனபோது தேஜோன் மாநகர நிர்வாகத்தின் அணி. நகர நிர்வாகமே வாள்வீச்சு வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து அணி வைத்திருக்கிறது. 2003 முதல் ஒரு பெரிய செல்போன் நிறுவனம் அவர்களுடைய வாள்வீச்சுச் சங்கத்துக்குப் பணம் கொடுத்து வருகிறது. ஜின்சோனில் தேசியப் பயிற்சி மையம், அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, காலையிலிருந்து இரவு வரை பயிற்சி. பிள்ளையின் காலையும் கையையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது, பின்னால் நிற்கிறவர்களையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். நம் மாவட்டத்தில் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்பது தருமபுரி பஸ்ஸும் அவள் அப்பாவும்தான். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகளில் வாள்சண்டையும் இருக்கிறது, சான்றிதழ்களைப் பத்திரமாக ஃபைல் போட்டு வையுங்கள் அண்ணா.

நம் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளையை ஒருநாள் கூட்டிப் போங்கள். நடுகல்லில் வாளோடு நிற்கிற வீரர்களைப் பாருங்கள். முழங்காலை மடக்கி, ஒரு காலை முன்னே வைத்து நிற்கிற உருவங்கள் உண்டு. சேபர் பழகுகிற பிள்ளை அதைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவாள்.


மலர், கிருஷ்ணகிரி எழுதியது:

பர்கூர்க்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்க்கிறேன். அண்ணா, உங்கள் மகளின் ஷூவை எடுத்துப் பாருங்கள். வலது கை ஆட்டக்காரி என்றால், வலது ஷூவின் குதிகால் பக்கமும் இடது ஷூவின் உள்பக்க விளிம்பும் தேய்ந்திருக்க வேண்டும். பாயும்போது முன்கால் குதிகாலில் விழும், பின்கால் உள்பக்கமாக இழுபடும். அப்படித் தேய்ந்திருந்தால் பாய்ச்சல் சரியாகப் பழகுகிறாள் என்று அர்த்தம். குதிகால் ரொம்பத் தேய்ந்துவிட்டால் ஷூவை மாற்றிவிடுங்கள், முழங்கால் போய்விடும்.


பாலக்கோட்டு அப்பா எழுதியது:

டீச்சர், பதிவைப் படித்த உடனே ஷூவை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. வலது குதிகாலில் ரப்பர் வழவழவென்று ஆகிவிட்டது, இடது ஷூவின் உள்பக்கம் துணியே நைந்து நூல் தெரிகிறது. ஒன்றரை வருடமாக அந்த ஷூவை வாசலில் தாண்டித்தான் போகிறேன், ஒருநாள்கூட எடுத்துப் பார்த்ததில்லை. அமாவாசை கழிந்து மண்டியில் சம்பளம் வரும், வந்ததும் புது ஷூ வாங்கிவிடுகிறேன்.

கிம் ஜி-யோன் அரையிறுதியை நேற்று இரவு பார்த்தோம். 5-12 வந்தபோது நானே நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன், அவள் விடவில்லை. முடிந்த பிறகு ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், மொட்டை மாடியில் சாக்பீஸால் இரண்டு கோடு, நடுவில் 4 மீட்டர், என் தையல் டேப்பால் அளந்திருக்கிறாள். ஒரு கோட்டில் நின்று பாய்ந்து, முன்கால் விழுந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு, மறுபடி பாய்ந்து இன்னொரு கோடு. பக்கத்தில் அந்த மூத்த பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருக்கிறாள். "அக்கா, உங்களுக்கு எவ்வளவு வருது, அளந்து சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை கதவு நிலைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஓசூர் தம்பி, ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒருநாள் கூட்டி வரலாமா? காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் எத்தனை மணிக்கு உங்கள் இடத்துக்கு வர முடியும் என்று மட்டும் சொல்லுங்கள்.


ஓசூர் சேபர் எழுதியது:

தாராளமாக வாங்க அண்ணா. ராயக்கோட்டை வழி பஸ்ஸில் ஏறுங்கள், கிருஷ்ணகிரி சுற்றி வர வேண்டாம். இந்த ஞாயிறு எனக்குப் பகல் ஷிப்ட், அடுத்த ஞாயிறு ஏழரை மணிக்கு வந்துவிடுங்கள். மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம் எடுத்து வரச் சொல்லுங்கள், வாளுக்கான பிளேடு கூடுதலாக என்னிடம் இருக்கிறது. புது ஷூ வாங்கியிருந்தால் அன்றைக்குப் போட வேண்டாம், கால் கடிக்கும். பழையதையே போட்டு வரட்டும்.